விட்டு விட்டு நிற்கும் எஞ்சின்: ஸ்போர்ட்ஸ் காரில் பழுதைக் கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி?

முழுதாகப் படுத்துவிட்ட எஞ்சினைச் சரிசெய்வது எளிது. பழுது அங்கேயே கிடக்கும். எப்போது மீட்டரை வைத்தாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அரை நொடி மூச்சு நின்று, மறுபடி ஒன்றும் நடக்காதது போல ஓடும் எஞ்சின்தான் ஆளை அலைக்கழிக்கும். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மணி நேரம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டாலும் ஒரு குறையும் தெரியாது. வெளியே எடுத்துப் போனால் இருபதாவது நிமிடத்தில் நடுச்சாலையில் அணையும்.

என்னுடையது எஞ்சின் நடுவில் அமைந்த, இரண்டு இருக்கைக் கார். அதில் இப்படி ஒரு பழுதை ஐந்து மாதம் துரத்தினேன். முதல் மூன்று மாதம் வீணாகப் போனது. கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), இக்னிஷன் காயில் (தீப்பொறிக்கு உயர் வோல்ட்டேஜ் தருவது), பெட்ரோல் பம்ப் என்று மூன்றையும் மாற்றினேன். கழற்றிய மூன்றுமே நல்ல நிலையில்தான் இருந்தன. எஞ்சின் அணையும் அந்த நொடியில் எது போகிறது, தீப்பொறியா, பெட்ரோலா, கரண்டா என்பதை நான் ஒரு முறைகூடப் பார்த்திருக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே எழுதியிருப்பது முழுக்க அந்த ஒரு நொடியைக் கண்ணால் பார்ப்பதற்கான வழி.

இது எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் எஞ்சின்களுக்கு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினிலும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் அதில் உயர் அழுத்தப் பம்புக்கு அப்பால் இருக்கும் குழாய்களைக் கழற்ற வேண்டாம். அங்கே அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்

ஒரு குறிப்பேடு வாங்கிக் காரிலேயே வையுங்கள். பழுது வரும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், டெம்பரேச்சர் முள் எங்கே, எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருந்தீர்கள், டாங்கில் எவ்வளவு பெட்ரோல், நேர்ச்சாலையா வளைவா, மேடுபள்ளமா, மழையா வெயிலா. பழுது வந்து வந்து போகலாம். ஆனால் சூடு, அதிர்வு, ஈரம், சுமை, எரிபொருள் மட்டம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் வரும். ஏழெட்டுக் குறிப்பு சேர்ந்ததும் அந்தத் துணை எது என்று தெரிந்துவிடும். அது தெரிந்துவிட்டால் பழுதை வேண்டும்போது வரவழைக்கலாம். வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் முறை பழுது வருவதற்கு முந்தைய சில வாரங்களில் காரில் யார் எதைத் தொட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். புது ஸ்டீரியோ, அலாரம், கிளட்ச் மாற்றியது, பாட்டரி மாற்றியது, எதுவானாலும் சரி. கிளட்ச் வேலைக்காகக் கழற்றிய எர்த் பட்டையை (எஞ்சினையும் பாடியையும் பாட்டரியின் மைனஸோடு இணைப்பது) திரும்ப மாட்டும்போது அடியில் பெயின்ட் இருந்தாலே போதும், இந்தக் கதை தொடங்கிவிடும்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்திருந்தால், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டை, அதாவது 'கோடு' என்பதை, அழிக்காதீர்கள். ஓபிடி-2 என்ற பழுதறியும் அமைப்பு உள்ள கார்களில், அதாவது அமெரிக்காவில் 1996 முதல் விற்றவையும் ஐரோப்பாவில் 2001 முதல் வந்த பெட்ரோல் கார்களும், கோடு பதிவான நொடியின் ஆர்பிஎம், சுமை, வேகம், வெப்பநிலை ஆகியவற்றைக் கம்ப்யூட்டர் ஒரு படமாக உறைய வைத்திருக்கும். கோடை அழித்தால் அந்தப் படமும் போகும். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கோடு எதுவும் இல்லை என்றால் பழுதே இல்லை என்று பொருளல்ல. கம்ப்யூட்டருக்கே கரண்ட் போய்விட்டால் அது எதைப் பதிவு செய்யும்? அடிக்கடி அணையும் காரில் ஒரு கோடுகூட இல்லை என்பதே ஒரு துப்பு. கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் மலிவான ஸ்கேனரில் ஒரே நேரத்தில் பத்து எண்களை ஓடவிட்டால், பழைய கார்களில் நொடிக்கு ஒரு தடவைகூட ஒவ்வொன்றும் புதுப்பிக்கப்படாது. அரை நொடிப் பழுது அந்த இடைவெளிக்குள் நழுவிவிடும். மூன்று எண்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். நான் ஆர்பிஎம், பாட்டரி வோல்ட்டேஜ், கூலன்ட் வெப்பநிலை மூன்றிலிருந்து தொடங்குவேன்.

ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்க்கக் கூடாது. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும். எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் இறுகும், பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். கூட்டமில்லாத இடத்தில் மட்டும் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

முதல் பிரிவினை: எப்படி அணைகிறது?

எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக மதிப்பு கொடுக்கிறேன். விளக்கை அணைத்தது போலச் சட்டென்று போகிறதா, அல்லது தொண்டை அடைத்துத் திணறித் திணறிப் போகிறதா? சட்டென்று போவது பெரும்பாலும் மின்சாரம். திணறிப் போவது பெரும்பாலும் பெட்ரோல். குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் குறையக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதனால்தான் அந்தத் திணறல். கரண்டுக்கு அப்படி மிச்சம் எதுவும் கிடையாது.

அடுத்து ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கியரில் ஓடும்போது எஞ்சின் அணைந்தாலும் சக்கரங்கள் அதைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்; கிளட்சை மிதிக்காதவரை கிராங்க் நிற்காது. அப்போது முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், சுழலும் எஞ்சினைப் பற்றிய சிக்னலே வரவில்லை என்று பொருள். பழைய கார்களில் முள் காயிலின் பிரைமரி பக்கத்திலிருந்து சிக்னல் எடுக்கும்; அவற்றில் இக்னிஷன் பக்கம் போயிருக்கிறது. புதிய கார்களில் கம்ப்யூட்டர்தான் முள்ளுக்குச் சொல்கிறது. அவற்றில் கிராங்க் சென்சார் அல்லது கம்ப்யூட்டருக்கான கரண்ட். முள் விழாமல் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கி, இழுவை மட்டும் இல்லையென்றால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள்.

காதும் உதவும். அணைந்து திரும்பும்போது சைலன்சரில் 'டப்' என்று வெடித்தால், அணைந்திருந்த நேரத்திலும் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விட்டிருக்கின்றன, தீப்பொறி மட்டும் இல்லை. சத்தமே இல்லாமல் ஒரு குலுக்கலோடு திரும்பினால் இரண்டும் சேர்ந்து போயிருக்கின்றன. அப்படிச் சேர்ந்து போனால் கம்ப்யூட்டரின் கரண்ட், கிராங்க் சென்சார், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) என்று மூன்றே திசைகள்தான்.

"ஸ்விட்ச் போட்ட மாதிரி போகுது, உடனே வருது"

பாட்டரி முனைகளிலிருந்து தொடங்குங்கள். கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. ஸ்போர்ட்ஸ் கார்களில் எடைப் பகிர்வுக்காகப் பாட்டரியை டிக்கியிலோ முன்பக்க அறையிலோ வைத்திருப்பார்கள். எஞ்சினுக்கும் பாட்டரிக்கும் நடுவே நீளமான கேபிள், நடுவில் இணைப்புப் புள்ளிகள், பாடியை எர்த்தாக நம்பும் தூரம் எல்லாம் கூடுதல். எர்த் பட்டையைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்ல முடியாது. ஓம் மீட்டரும் இங்கே பொய் சொல்லும்: இருபது இழையில் ஒரே ஒரு இழை பிழைத்திருந்தாலும் அது பூஜ்யம் ஓம் என்றுதான் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸ் தூணிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகள், ஃபேன் எல்லாம் போட்டு, கம்ப்யூட்டரின் எர்த் வயரிலும் பாருங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் நான் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போவதில்லை. சென்சார்கள் சின்னச் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசங்களில் பேசுகின்றன. எர்த் ஆடினால் எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் உளறும்.

அடுத்து இக்னிஷன் ஸ்விட்ச். எஞ்சின் ஓடும்போது சாவியை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சாவிக் கொத்து கனமாக இருந்தால், ஆடும் எடை வருடக்கணக்கில் உள்ளே இருக்கும் தொடுமுனைகளைத் தேய்த்திருக்கும். அணையும் நொடியில் டாஷ்போர்டைக் கவனியுங்கள்: எல்லா விளக்குகளும் இருண்டால் ஸ்விட்சோ பாட்டரி இணைப்போ. சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் வழக்கம்போல எரிந்தால் ஸ்விட்சின் அந்தப் பகுதி நல்லது. பழுது அதற்குக் கீழே.

கீழே இருப்பவை ரிலேக்கள், அதாவது கரண்டால் இயங்கும் ஸ்விட்சுகள். மெயின் ரிலே கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்டர்களுக்கும் கரண்ட் தருகிறது. பம்ப் ரிலே பெட்ரோல் பம்புக்கு. பல வருடச் சூட்டிலும் அதிர்விலும் ரிலேக்குள்ளே சர்க்யூட் பலகையில் ஈயப்பற்று, முனைகளைச் சுற்றி வளையமாக விரிசல் விடும். போர்ஷே 944இல் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் கரண்ட் தரும் டிஎம்இ ரிலே இதற்குப் பேர்போனது. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஸ்டெப்னியோடு ஒரு உபரி ரிலேயையும் வைத்துக்கொள்வது வழக்கம். மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் விரிசல் மெல்லிய கறுப்பு வளையமாகத் தெரியும்.

என் பழுதைப் பிடித்துக் கொடுத்தது விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. ரெசிஸ்டர் உள்ளேயே பொருத்தி வரும் 12 வோல்ட் எல்இடி விளக்குகள் மூன்று. ஒன்றை இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து வரும் வயரில் இணைத்தேன், இரண்டாவதை மெயின் ரிலேயின் 87ஆம் முனையிலிருந்து (ரிலே கரண்டை வெளியே தரும் முனை) வெளியேறும் வயரில், மூன்றாவதைப் பம்புக்குப் போகும் வயரில். ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ். மறுமுனைகளை எர்த்தில் கட்டி, விளக்குகளை டாஷ்போர்டின் மேல் வரிசையாக ஒட்டினேன். ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு விலக வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்த்தால் போதும். எஞ்சின் அணையும்போது எந்த விளக்கு அணைந்தது என்பதே விடை. மூன்றும் எரிந்துகொண்டிருக்க எஞ்சின் மட்டும் அணைந்தால், கரண்ட் பாதை குற்றமற்றது. கிராங்க் சென்சார், இக்னிஷன் மாட்யூல் (காயிலை இயக்குவது), இம்மொபிலைசர் பக்கம் போகலாம். ஒரு எச்சரிக்கை: எல்இடி எட்டு வோல்ட்டிலும் மங்கலாக எரியும். முழுதாகப் போன கரண்டைத்தான் இது காட்டும். வோல்ட்டேஜ் பாதியாகக் குறைந்ததைக் காட்டாது. சந்தேகமிருந்தால் அந்த இடத்தில் மீட்டர் வைக்க வேண்டும்.

என் காரில் 22ஆவது நிமிடத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து அணைந்தன. முதல் விளக்கு அசையாமல் எரிந்தது. மூன்று மாதம் தேடியது மூன்று விளக்குகளில் தெரிந்தது. மெயின் ரிலேயை மாற்றினேன். ஒன்பது நாள் கார் அற்புதமாக ஓடியது.

பத்தாம் நாள் மறுபடி நின்றது.

புது ரிலேயைப் பிடுங்கியபோதுதான் விரலுக்கு ஒன்று தெரிந்தது: ஒரு கால் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இந்த வகை ரிலேயின் கால்கள் 6.3 மில்லிமீட்டர் அகலம். அதே அகலமுள்ள ஒரு தனித் தகட்டை சாக்கெட்டின் ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்தேன். மற்ற மூன்றும் இறுக்கிப் பிடித்தன. 87ஆம் துளையில் தகடு தன் எடையிலேயே நழுவியது. துளையின் வாயில் யாரோ தடித்த மீட்டர் முனையைத் திணித்த தடமும் இருந்தது. சூடேறும்போது தளர்ந்த பித்தளை இன்னும் விரிந்து தொடர்பு அறுந்திருக்கிறது. புது ரிலேயின் பளபளப்பான கால் துருவைச் சுரண்டிவிட்டதால் ஒன்பது நாள் பிழைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே பெண் முனைகளுக்குள், அதாவது இதுபோன்ற துளைகளுக்குள், மீட்டர் முனையைத் திணிக்காதீர்கள்; கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையால் அளந்துகொள்ளுங்கள். வயரின் உறையைக் குத்தி ஓட்டை போடுவதும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி இரண்டு வருடம் கழித்து வேறொரு பழுதாக வரும்.

"சூடானதும் நிற்குது, ஆறினதும் ஓடுது"

எஞ்சினை அணைத்ததும் அது ஆறத் தொடங்கும் என்று நினைப்போம். உண்மையில் முதல் சில நிமிடங்களில் பானெட்டுக்குள் சூடு ஏறும். கூலன்ட் ஓடவில்லை, காற்று ஓடவில்லை, எக்ஸாஸ்டில் சேர்ந்த சூடு மட்டும் பரவுகிறது. எஞ்சின் நடுவிலோ பின்னாலோ இருக்கும் கார்களில் அந்த அறை குறுகலானது, முன்காற்று நேராகப் படாது. பெட்ரோல் போட நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது எடுக்க மறுத்தால் இந்தச் சூட்டை நினைவில் வையுங்கள்.

அணைந்து நிற்கும் அந்தப் பதினைந்து நிமிடம் தங்கம். ஆறிவிட்டால் சான்று போய்விடும். அதனால் ஒரு ஸ்பார்க் டெஸ்டரும் இன்ஜெக்டர் சோதனை விளக்கும் காரிலேயே இருக்கட்டும். செல்ஃப் அடித்துத் தீப்பொறி இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தரும். தீப்பொறியும் இல்லை, இன்ஜெக்டர் துடிப்பும் இல்லை என்றால் கிராங்க் சென்சார் முதல் சந்தேகம். துடிப்பு உண்டு, தீப்பொறி இல்லை என்றால் இக்னிஷன் மாட்யூல் அல்லது காயில். இரண்டும் உண்டு என்றால் பெட்ரோல் அழுத்தம்.

கிராங்க் சென்சாரில் இரண்டு வகை உண்டு. காந்தமும் காயிலும் கொண்ட இரண்டு வயர் வகையில் மின்தடையை அளக்கலாம். சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும், உங்கள் காரின் சரியான எண் சர்வீஸ் மானுவலில் இருக்கும். குளிரில் அளந்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொண்டே அளங்கள். உள்ளே அறுந்த சுருள் சூட்டில் விரிந்து சட்டென்று முடிவிலியைக் காட்டும். மூன்று வயர் ஹால் வகையில் ஓம் அளப்பது பயனற்றது, சிக்னலை அதை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். கிராங்க் சென்சாருக்கான பி0335 கோடு வந்தாலும் சென்சாரை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். அதன் வயர் எக்ஸாஸ்ட் பக்கம் உரசி உருகியிருக்கலாம், முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம்.

இதே வரிசையில் கூலன்ட் வெப்பநிலை சென்சாரையும் பாருங்கள். பரவலாகப் பயன்படும் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும். ஸ்கேனர் பதிவில் 88 டிகிரி என்று வந்த எண் அடுத்த நொடியில் மைனஸ் 40 என்று குதித்தால், அந்த வயர் அறுந்து அறுந்து சேர்கிறது. எஞ்சின் ஒரு நொடியில் உறைய முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், எஞ்சின் மூச்சுத் திணறும்.

"ஏறி மிதித்தால் திணறுது"

இந்த அறிகுறியில் தீப்பொறியும் பெட்ரோலும் ஒன்றைப் போல ஒன்று நடிக்கும். பிரித்தறிய அதன் தாளத்தைக் கேளுங்கள். தீப்பொறிக் குறை கூர்மையானது, படபடவென்று வெட்டும். பெட்ரோல் குறை மொத்தமாக, யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல.

சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியில் பொறி தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். அதனால்தான் ஐடிலில் ஒழுங்காக இருக்கும் காயில் முழு சுமையில் தோற்கிறது, டர்போ கார்களில் இன்னும் சீக்கிரம். பிளக்கின் இடைவெளியை அளங்கள்; பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் இருந்தால் பொறி அந்த வழியாக வெளியே ஓடுகிறது. ஒரு காயிலுக்கு ஒரு சிலிண்டர் என்ற அமைப்பில் சோதனை சுலபம்: பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற கோடு, வருகிறது என்றால் இரண்டாம் சிலிண்டர் காயிலை நான்காம் சிலிண்டருக்கு மாற்றுங்கள். அடுத்த முறை பி0304 வந்தால் குற்றவாளி காயில். பி0302 அப்படியே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக்கையும் சேர்த்து மாற்றிவிட்டால் விடை குழம்பிப்போகும்.

செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அதன் உள்கூடு உருகி உடைந்தால் துண்டுகள் புரண்டு சில நேரம் அடைக்கும், சில நேரம் வழிவிடும். பழைய பழுதுக்கு மேல் புதிய பழுது ஒன்று சேர்ந்துகொள்ளும்.

பெட்ரோல் அழுத்தத்தை நின்ற இடத்தில் அளந்து பயனில்லை, ஓடும்போது அளக்க வேண்டும். கேஜை பானெட்டுக்கு வெளியே கொண்டுவந்து கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒட்டுங்கள். பெட்ரோல் நிறைந்த குழாயை எக்காரணம் கொண்டும் உட்பக்கம் கொண்டுவராதீர்கள். எஞ்சின் பின்னால் இருக்கும் கார்களில் இதற்கு எலெக்ட்ரானிக் அழுத்த சென்சார் பொருத்தி வயரை மட்டும் உள்ளே எடுப்பதுதான் நல்லது. எஞ்சின் காற்றிழுக்கும் மேனிஃபோல்டின் வெற்றிடத்தோடு இணைந்த அழுத்த ரெகுலேட்டர் உள்ள எஞ்சினில் அழுத்தம் ஐடிலில் 2.5 பார், முழு த்ராட்டிலில் 3 பார் என்ற அளவில் இருக்கும். மிதிக்கும்போது அது ஏற வேண்டும். மிதிக்க மிதிக்க இறங்கினால் வரத்து போதவில்லை. டர்போ எஞ்சினில் பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இதுவும் கூட ஏற வேண்டும். ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

வரத்துக் குறைவு என்று தெரிந்ததும் பம்பை வாங்க ஓடாதீர்கள். பழுது வரும் நேரத்தில் டாங்க் மூடியைத் திறந்து கேளுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டாங்கின் சுவாசக் குழாய் அடைந்திருக்கிறது. வெற்றிடத்தை எதிர்த்துப் பம்ப் இழுக்கிறது. அடுத்து பம்பின் முனைகளிலேயே, அது ஓடும்போது வோல்ட்டேஜ் அளங்கள். பாட்டரியில் 14 இருந்து பம்பில் 11.5 என்றால் நடுவே ரிலேயோ கனெக்டரோ எர்த்தோ தின்றுவிடுகிறது. புது பம்பும் அதே போலத்தான் தோற்கும். பிறகு ஃபில்டர், டாங்குக்குள் பம்பின் வலைப்பை, பம்பிலிருந்து மூடிக்குப் போகும் குட்டிக் குழாய். அந்தக் குழாயில் கீறல் விழுந்தால் பெட்ரோல் டாங்குக்குள்ளேயே கொட்டும். வெளியே ஒரு சொட்டும் கசியாது.

எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. பெடலில் இரண்டு சென்சார்கள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. இரண்டும் முரண்பட்டால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பவரைக் குறைக்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு. கோடு நிச்சயம் இருக்கும்.

"வளைவில் மட்டும், குழியில் மட்டும்"

குடும்பக் காரில் இதை அதிகம் பார்க்க மாட்டீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் பெட்ரோலை டாங்கின் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். கால் டாங்கில் வருகிறது, முழு டாங்கில் வரவே இல்லை, வலது வளைவில் உண்டு இடது வளைவில் இல்லை என்று குறிப்பேடு சொன்னால் டாங்குக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டையோ, பம்பைச் சுற்றியிருக்கும் சேமிப்புக் கிண்ணத்தையோ பாருங்கள். பம்ப் மாற்றியவர் கிண்ணத்துக்கான திரும்புக் குழாயைச் செருக மறந்திருப்பார்.

முழு டாங்கிலும் வருகிறது என்றால் எஞ்சின் அசைவு. மவுன்ட் ரப்பர் தளர்ந்த எஞ்சின் முறுக்கும்போது வயரிங் கட்டை இழுக்கும். பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போது வயரிங்கைப் பகுதி பகுதியாக, கனெக்டர் கனெக்டராக மெல்ல அசைத்துப் பாருங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல். குழியில் மட்டும் நின்றுபோனால், மோதலில் பெட்ரோலை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்ச் உங்கள் காரில் உண்டா என்று பாருங்கள். மேலே இருக்கும் பட்டனை அமுக்கினால் கார் எடுத்துவிடும் என்றால் கேள்விக்கு விடை கிடைத்தது. ரேஸ் ஓட்டத்துக்காக யாராவது கரண்டை மொத்தமாகத் துண்டிக்கும் கில் ஸ்விட்ச் பொருத்தியிருந்தால் அதையும் தட்டிப் பாருங்கள்.

"சிக்னலில் நின்றால் அணையுது"

ஐடிலில் ஸ்கேனர் காட்டும் ஃபியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பிளஸ் 20, ஆனால் 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 3 என்றால் எங்கோ திருட்டுக் காற்று, அதாவது கணக்கில் வராத காற்று, நுழைகிறது. தலைகீழாக, ஐடிலில் சரி, மேலே போகப் போக ஏறுகிறது என்றால் பெட்ரோல் வரத்து அல்லது காற்று அளவி. திருட்டுக் காற்றுக்கு, புகையை உள்ளே செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் புகைச் சோதனைதான் நம்பகமானது. சூடான எக்ஸாஸ்ட் மேல் எரியும் திரவத்தைத் தெளித்துத் தேடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் துடைத்து, அதன் பிறகு ஐடிலைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பிக்கும் முறையை மானுவலில் பாருங்கள். டாங்கின் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வ் திறந்தபடி சிக்கினாலும் இதே கூத்து. பெட்ரோல் நிரப்பிய உடனே அணைந்தால் முதலில் அதையே சந்தேகியுங்கள்.

"மழை பெய்தால் மட்டும்"

இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்கள், காயில் உறைகள் மேல் தண்ணீரைப் பனிப்புகை போலத் தெளியுங்கள். நீலப் பொறி ஊர்ந்தால் அந்த இடம்தான். பிளக் குழிகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் கார் என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்வது?

ஒன்பது நாள் ஓடியதை நான் வெற்றி என்று நம்பியதை மேலே சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: பழுது வராமல் இருந்த மிக நீண்ட இடைவெளி எவ்வளவோ, அதைப்போல மூன்று மடங்கு காலம் வராமல் இருக்க வேண்டும். அதுவும் வீட்டு வாசலில் ஓட்டி அல்ல. பழுதை வரவழைத்த அதே சாலை, அதே சூடு, அதே பெட்ரோல் மட்டம்.

சாக்கெட்டின் 87ஆம் முனையைப் புதிதாகக் கிரிம்ப் செய்து பொருத்திய அன்று, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ரிலேயின் 30ஆம் முனைக்கும் (கரண்ட் உள்ளே வரும் முனை) அதன் வெளியேறும் வயருக்கும் நடுவே வோல்ட்டேஜ் இழப்பை அளந்தேன். பழைய முனையில் சூட்டில் 1.9 வோல்ட் வரை ஏறியது, புதியதில் 0.08. அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினேன். ஆனாலும் மூன்று விளக்குகளையும் டாஷ்போர்டில் அப்படியே விட்டு, அதே சாலையில் அரை டாங்க் பெட்ரோலோடு ஓட்டிக்கொண்டே இருந்தேன். 22ஆவது நிமிடத்தைத் தாண்டும்போதெல்லாம் கண் தானாக நடு விளக்குக்குப் போகும். 27ஆம் நாளும் அது அணையாமல் எரிந்தது. அன்று மாலை எல்இடிகளைக் கழற்றினேன்.